கடைப்பருவ வேட்டை

சென்னை மாநகர்க்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் நிலம் ஏரிகளால் வாழ்ந்த நிலமாகும். அங்கே மலை இல்லை; வற்றாத ஆறும் இல்லை. நிலம் மேற்கே சற்று உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகின்றது. இச்சரிவை நன்கறிந்த பண்டை உழவர், தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல் வளைந்த கரையிட்டு மழைநீரைத் தேக்கினர். கரையின் அடியில் நீர் ஆழமாக நிற்கும். எதிர்ப்பக்கம் செல்லச் செல்ல அது இடுப்பளவாகி, முழங்காலளவாகி, கணுக்காலளவாகிப் புல்வெளியோடு கலந்துவிடும். நீர் பரந்து நிற்கும் அவ்விடத்தை ஏரியின் உள்வாய் என்பர். ஓர் ஏரி நிறைந்தால் மிகைநீர் கலிங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரியை நிரப்பும். பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி இவற்றுள் மிகப் பெரியது; அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடியாகும். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு முதலியன அளவிற் சிறியன.

இவ்வேரிகள் யாவும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவை நிறையும். தையில் சம்பா அறுவடை முடியும். மாசி பிறந்ததும் வெயில் ஏறும். மதகு வழியே கழனிக்குப் பாய்ந்தது போக எஞ்சிய நீரும் நாளுக்கு நாள் குறையும். உள்வாயில் முதலில் சேறு தோன்றும். பின்னர்ச் சேறு வெடிக்கும். ஆழங் குறைந்த சிற்றேரிகள் பங்குனிக்கு முன்னரே வறண்டுபோக, நீர் கரையோரத்துக் குட்டையாகச் சுருங்கி நிற்கும். இச்சுருக்கத்தை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். வேட்டையைப் பற்றிய செய்தி முழுதும் இதனைச் சுற்றியே அமைந்துள்ளது.

ஏரிகள் நிறையும் காலத்தில் வடக்கிலிருந்து விருந்தினர் வருவர். சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரித்து வளர்த்த நீர்ப்பறவைகள், அங்கே நீர் உறையத் தொடங்குமுன் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை என்பன அவற்றுட் சில. இந்தியாவுக்குப் பெருந்தொகையாக வலசை வரும் வாத்துகளுள் நீலச்சிறகியும் ஒன்று. அதன் எடை அரைக் கிலோவினும் குறைவு. அத்துணைச் சிறிய உடல் பல ஆயிரம் கிலோமீட்டர் வழியைக் கடக்கின்றது. பெரியதாகிய வரித்தலை வாத்தோ மங்கோலியாவிலும் திபெத்திலும் கூடுகட்டி, இமயமலையைக் கடந்து வருவது. 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அது பறந்ததைக் கருவிகள் காட்டியுள்ளன. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை பூட்டப்பெற்ற வரித்தலை வாத்துகள் தென்னிந்திய நீர்நிலைகளில் காணப்பட்டதும் உண்டு. நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் அவை விரும்பித் தங்கும் இடமாகும்.

பறவைகள் வடக்கேயிருந்து வந்து மீள்வன என்பதனைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர். புறநானூற்றில் பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனுக்குத் தூதாக ஓர் அன்னச் சேவலை விடுக்கின்றார். குமரித் துறையில் இரை அருந்தி வடமலைக்குச் செல்லும் பறவையாகவே அதனை அவர் கருதுகின்றார். அதற்குத் துணையாக ஒரு பெடை உண்டென்பதையும் அவர் மறவாது குறிக்கின்றார். இப்பெடையைப் பற்றிப் பின்னர்ப் பேசவேண்டியிருக்கும்.

வாத்தின் ஒருநாள் வாழ்க்கையை அறிந்தவனே அதனை வேட்டையாட வல்லவன். பகற்பொழுதில் அது ஏரியின் நடுவே, கரைக்கு எட்டாத நீரில் கூட்டமாக மிதந்து இளைப்பாறும். கதிரவன் மறைந்த பின்னர் எழுந்து, அறுவடையான கழனிகளிலும் உள்வாயின் ஆழமற்ற சேற்றிலும் இறங்கிச் சிந்திய நெல்லையும் கோரை விதைகளையும் உண்ணும். விடியுமுன் மீண்டும் நடு ஏரிக்குத் திரும்பும். ஆகவே அந்தியும் வைகறையும் வேட்டுவனுக்கு உரிய பொழுதுகளாயின.

துப்பாக்கி வருமுன் இந்நாட்டில் வழங்கிய முறைகள் பல. கண்ணி வைத்தலும் வலை விரித்தலும் எங்கும் உள்ளவை. பழக்கிய பறவையொன்றைக் கட்டிவைத்து அதன் இனத்தை அருகே வரச்செய்தல் மற்றொன்று. அவ்வாறு கட்டிவைக்கப்படும் உயிரைத் தமிழ் ‘பார்வை’ என்னும் சொல்லாற் குறித்தது. இன்று அப்பொருளில் அச்சொல்லை அறிவார் அரியர். பழக்கிய மாட்டை மெல்ல மேயவிட்டு, அதன் மறைவிலே நடந்து பறவையை அணுகுதலும் உண்டு. இவையெல்லாவற்றினும் வியப்பானது பானை வேட்டையாம். சில நாட்கள் ஏரியில் வெறும் பானைகளை மிதக்கவிடுவர். அவற்றைக் கண்டு அஞ்சிய வாத்துகள் நாளடைவில் அச்சம் நீங்கும். பின்னர் ஒருவன், கண்ணுக்குத் துளையிட்ட பானையொன்றைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் ஓசையின்றி நடந்து செல்வான். வாத்தின் காலை நீருக்குள்ளேயே பற்றி இழுத்துவிடுவான். பக்கத்தில் மிதக்கும் வாத்துக்கும் நடந்தது தெரியாது. இந்தியாவின் பல பகுதிகளில் இம்முறை வழங்கியது.

ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கி வந்தது. பூந்தமல்லியில் ஐரோப்பியப் படைவீரர் தங்கும் நிலையம் இருந்தது. பரங்கிமலையிலும் பாளையம் இருந்தது. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுத் திசைக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, அது அம்பத்தூரையும் ஆவடியையும் ஊடறுத்துச் சென்றது. வேட்டைக்குச் செல்வார்க்கும் அதனால் வழி எளிதாயிற்று. கழனிகளில் உள்ளானும் ஏரிகளில் வாத்தும் அவர்கள் நாடிய பறவைகள். பறவைகளை ஆராய்ந்த நூல்களிற் பலவும் அன்று வேட்டைக்காரர் கையிலிருந்தே பிறந்தன. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்பவர் மார்ஷல் என்பவரோடு சேர்ந்து இந்திய வேட்டைப் பறவைகளைப் பற்றி மூன்று தொகுதிகள் கொண்ட நூலை 1879 முதல் 1881 வரை வெளியிட்டார். 1885இல் இந்திய தேசிய காங்கிரசு தோன்றுதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவரும் அவரே. எழுபது ஆண்டுகள் கழித்து, 1955இல், அக்காங்கிரசின் மாநாடு இவ்வாவடியிலே கூடியது. அன்று மேடையிலிருந்தோருள் எத்துணைப் பேர் ஹியூமை வாத்துகளோடு சேர்த்து நினைத்திருப்பரோ!

ஏரிகளில் துப்பாக்கி வேட்டை நடைபெற்ற முறை எளியது. ஓர் ஏரியில் வெடியோசை கேட்டதும் வாத்துகள் எழுந்து வட்டமிட்டு, அடுத்த ஏரிக்குப் பறந்துவிடும். இதனை அறிந்த வேட்டைக்காரர் அண்டை ஏரிகளிலும் முன்னரே ஆள் நிறுத்துவர். எனினும் மார்கழியில் நாற்புறமும் நீர் இருக்கும். துப்பாக்கி இல்லாத ஏரி ஒன்று எங்கேனும் கிடைக்கும். பறவை பிழைத்துக்கொள்ளும். மாசியிலோ நிலைமை வேறு. சிற்றேரிகள் வறண்டுவிட்டமையால், சுற்று வட்டாரத்துப் பறவைகள் யாவும் நீருள்ள ஓரிரண்டு ஏரிகளில் நெருங்கி நிற்கும். அங்கிருந்து எழுந்தால் வேறு போக்கிடம் இல்லை; வட்டமிட்டு அங்கேயே இறங்கவேண்டும். வேட்டைக்கு இதனினும் எளிய காலம் இல்லை.

இனி உலகின் மறுபுறத்தை நோக்குவோம். வட அமெரிக்காவில், கனடாவின் சமவெளிகளிலும் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா, வட டக்கோட்டா முதலிய வடமாநிலங்களிலும் வாத்து வேட்டை இன்றும் சட்டத்திற்கு உட்பட்டு நடைபெறுகின்றது. பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கும். முதலிற் சிறிய சிறகி இனங்கள் தெற்கே போய்விடும். குளிர் முற்றி, குளங்களின்மேல் பனிக்கட்டி படரும்போது எஞ்சி நிற்பவை பச்சைத்தலை வாத்தும் கனடா வாத்துமாம். இக்கடைப்பருவத்து வேட்டை கடுமையானது. விடியுமுன் வேட்டைக்காரர் இருளிற் சென்று, குளத்தின் ஓரத்துப் பனிக்கட்டியை உடைத்துச் சிறிது நீரைத் திறந்துவைப்பர். அந்நீரில் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த போலி வாத்துகளை மிதக்கவிடுவர். இவை நம்மவர் பார்வைப் புள்ளின் உறவு என்க. வாத்தின் குரலை ஊதும் சிறு குழலும் உண்டு. பனி மூடிய வயலிலே கனடா வாத்துக்குக் காத்திருப்போர் வெண்துணி போர்த்துப் படுத்திருப்பர். சுடப்பட்டு உறைநீரில் வீழ்ந்த பறவையைப் பழக்கிய நாய் நீந்திச் சென்று எடுத்துவரும். அவ்வளவு குளிரில் மனிதன் நீருள் இறங்கினால் உயிருக்கே இடர் நேரும்.

அக்காலத்தில் வாத்தும் மாறிவிடுகின்றது. பருவமெல்லாம் சுடப்பட்டுத் தப்பியது ஆதலால் அது எச்சரிக்கை மிக்கது. போலிப் பறவையைக் கண்டு எளிதில் ஏமாறாது. காலையும் மாலையும் இரைக்குச் செல்வது, கடுங்குளிரில் நண்பகலில் ஒருமுறை மட்டும் செல்லும். வயலில் அறுத்த மக்காச்சோளத் தாளும் சிந்திய மணியும் பனிக்கு மேலே தெரியும்வரை அது நிற்கும். பனி அவற்றை மூடிவிட்டால் ஓரிரவில் புறப்பட்டுவிடும். ஆனால் புறப்படுமுன்னர், உறையாத நீர் எங்கே உண்டோ அங்கே எல்லாப் பறவையும் திரண்டு நிற்கும். ஓடும் ஆற்றின் ஒரு வளைவு, ஊற்றுள்ள ஒரு குளம், அணையின் கீழ்ப்புறம் ஆகிய இவையே அவற்றின் புகலிடங்கள்.

அங்கே நீரைச் சுருக்குவது பனி; இங்கே சுருக்குவது வெயில். விளைவு ஒன்றே. பறவைகள் ஒரு சிறிய நீரைத் தவிர வேறு புகலற்று நிற்கின்றன. கொல்வதற்கு எளிதான அக்காலமே கொல்வதால் இழப்பு மிகும் காலமும் ஆகும். இது எவ்வாறெனில், இலையுதிர்காலத்துக் கூட்டத்தில் அவ்வாண்டுக் குஞ்சுகள் நிறைந்திருக்கும். அவற்றிற் பல, துப்பாக்கி இல்லாவிடினும், குளிராலும் பசியாலும் நோயாலும் பகையாலும் மடியவே மடியும். குளிர்காலம் முழுவதையும் கடந்து பிழைத்தவை எண்ணிற் குறைந்தவை, ஆற்றலில் மிக்கவை. அடுத்த கோடையில் முட்டையிடப் போகின்றவை அவையே. களத்து நெல்லில் ஒரு மரக்கால் குறைவது வேறு, விதைநெல்லில் ஒரு மரக்கால் குறைவது வேறு. இவ்வேற்றுமை உழவன் மகனுக்கு விளக்கவேண்டாதது.

மற்றொரு காரணமும் உண்டு. வாத்தினங்கள் பல கூடுகட்டும் நிலத்துக்குச் சென்றபின் துணை தேடுவதில்லை. குளிர்காலத்தைக் கழிக்கும் நீர்நிலையிலேயே துணையைத் தேர்ந்துகொள்கின்றன. ஆண்பறவை, பெடை பிறந்த நிலம் எதுவோ அந்நிலத்துக்கு அதன் பின்னே பறந்து செல்லும். கனடா வாத்து, வரித்தலை வாத்து முதலிய பெருவாத்துகளோ வாழ்நாள் முழுதும் ஒரே துணையுடன் வாழும் இயல்பின. அவ்வாண்டுக் குஞ்சுகளும் குளிர்காலம் முழுவதும் தாய்தந்தையருடனே இருக்கும். மாசியில் ஏரியின்மேல் வெடித்த ஒரு குண்டு ஒரு பறவையைக் கொல்வதோடு நில்லாது. எங்கோ சைபீரியாவில் அவ்வாண்டு அமையவேண்டிய ஒரு கூட்டையும் இல்லையாக்கும். பிசிராந்தையார் அன்னத்தோடு அதன் பெடையையும் நினைத்தது புலமை நயத்துக்காக மட்டும் அன்று போலும். மேலும் நெடும்பயணத்துக்கு முன் பறவை தன் உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்நாட்களில் அமைதியாக இரையருந்தவிடாமல் விரட்டினால், குண்டுபடாத பறவையும் வழியில் வலிமை குன்றும்.

இவ்வுண்மையை அமெரிக்கர் துன்பப்பட்டே அறிந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அங்கே நகரச் சந்தைகளுக்கு வாத்துகளை வண்டி வண்டியாகச் சுட்டு அனுப்புவோர் இருந்தனர். வடக்கே மீளும் இளவேனிற் காலத்திலும் அவர்கள் சுட்டனர். பின்னர் 1916இல் ஐக்கிய அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி வேட்டைக்குரிய வலசைப் பறவைகளைப் பொதுவாக மார்ச்சு 10 முதல் செப்டம்பர் 1 வரை சுடலாகாது. வேட்டைப் பருவமும் மூன்றரைத் திங்களுக்கு மேற்படலாகாது. மார்ச்சு 10 என்பது நம் மாசியின் கடைசி நாட்களாகும். 1934 முதல் வாத்து வேட்டைக்காரர் ஆண்டுதோறும் ஒரு சிறப்பு முத்திரைத்தலை வாங்கவேண்டும் என்னும் சட்டமும் வந்தது. அப்பணத்தால் சதுப்புநிலங்கள் வாங்கிப் பாதுகாக்கப்படுகின்றன. 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டு அந்நாடு முழுவதும் விலக்கப்பட்டது. வாத்து, உண்ட தானியத்தை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும். சேற்றிற் கிடக்கும் ஈயக்குண்டையும் கல்லென்று விழுங்கும். அது அரைவைப்பையில் தேய்ந்து நஞ்சாகிக் குருதியிற் கலக்கும். குறிதவறிய குண்டும் இவ்வாறு ஆண்டுகள் கழித்துக் கொன்றுகொண்டிருந்தது.

நம் நாட்டிலும் 1912ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வாத்து முதலிய பறவைகளைக் கொல்லலாகாத காலத்தை வரையறுக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆயினும் பெரியோர் வேட்டைக்கு அளவிருந்ததில்லை. இராசத்தானத்துப் பரத்பூரில், 1938 நவம்பர் 12ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே பகலில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அவ்வெண்ணைக் கல்லிலும் வெட்டிவைத்தனர். உத்தரமேரூரில் ஏரி வாரியம் அமைக்கும் முறையைக் கல்லிற் பொறித்தவர் நம் முன்னோர். கல் எதையும் தாங்கும்போலும். அதே பரத்பூர் ஏரி 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அப்போதும் உரிமம் பெற்று வேட்டையாடும் வழி சிறிது திறந்தே இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதனையும் அடைத்தது. செம்பரம்பாக்கத்திலோ ஆவடியிலோ இன்று காட்டு வாத்தைச் சுடுதல் எந்தத் திங்களிலும் குற்றமாகும்.

இச்சட்டங்களுக்கெல்லாம் முன்னரே துப்பாக்கியைத் தடுத்தவர் சிற்றூர் உழவர் என்பது குறிக்கத்தக்கது. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் கழனிக்கு எருவாகும் என்று மக்கள் அறிந்திருந்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது அவர்கள் மாவட்டக் கலெக்டரிடம் முறையிட்டனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், லயனல் பிளேஸ் என்னும் கலெக்டர் அவர்கள் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார்.

சட்டத்தால் வாழ்வு மாறியவரும் ஆவடியில் உள்ளனர். நரிக்குறவர் என்றும் குருவிக்காரர் என்றும் வழங்கப்பெறும் மக்கள் இந்நகரில் வாழ்கின்றனர். வாக்ரிபோலி என்னும் தாய்மொழியை உடையவர். பறவை பிடித்தலைத் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்டவர். எந்தப் புள் எந்நீரில் எப்பொழுது இறங்கும் என்பதை ஏடு எழுதாது அறிந்தவர்கள். மாலைக் கஞ்சிக்கு இரண்டு பறவை பிடித்தவரையும், ஒரு பகலில் நாலாயிரம் வீழ்த்திய கூட்டத்தாரையும் சட்டம் ஒரே சொல்லால் வேட்டைக்காரர் என்றது. பின்னவர்க்கு இழந்தது பொழுதுபோக்கு. முன்னவர்க்கு இழந்தது பிழைப்பு. பாசிமணி கோத்து விற்றலே பலர்க்கும் தொழிலாயிற்று. 2023இல்தான் இம்மக்கள் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். பறவைகளைப் பற்றிய அவர்தம் அறிவை முழுமையாகக் கேட்டு எழுதிவைக்கும் பணி இன்னும் செய்யத் தக்கதாகவே இருக்கின்றது.

வெடியோசை இன்று இவ்வேரிகளில் இல்லை. ஆனால் நீர் வேறொரு வகையிற் சுருங்குகின்றது. ஆவடியில் 1961இல் கனரக ஊர்திகள் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. கழனிகள் தெருக்களாயின, உள்வாயின் ஆழமற்ற பகுதிகள், கோடையில் வெறுந்தரையாகத் தோன்றுவன ஆதலின், முதலில் வீடுகளுக்கு இரையாயின. வாத்து இரைதேடுவது அப்பகுதியிலேதான். சாக்கடை கலந்த நீரில் ஆகாயத்தாமரை மண்டினால் பறவை இறங்கத் திறந்த நீர் இராது. சில ஏரிகள் அண்மைக் காலத்தில் தூர்வாரப்பட்டுக் கரையும் நடைபாதையும் பெற்றுள்ளன. எனினும் உள்வாய் முழுவதும் ஒரே ஆழமாகத் தோண்டப்பெற்ற ஏரி, தலையை மட்டும் நீருள் அமிழ்த்தி உண்ணும் நீலச்சிறகிக்குப் பயன்படாது. நடப்போர் கண்ணுக்கு நிறைந்த நீர் அழகாகத் தோன்றலாம். பறவைக்கு வேண்டுவது சேறு.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் ஆர்வலர் பறவைகளை எண்ணிப் பதிவு செய்கின்றனர். துப்பாக்கி ஏந்தியோர் நின்ற கரைகளில் இப்போது தொலைநோக்கி ஏந்தியோர் நிற்கின்றனர். அப்போது ஏரி நிறைந்திருக்கும். பறவைகள் தொலைவிற் சிதறியிருக்கும். எண்ணுவதற்கும் எளிதான காலம் மாசியின் இறுதியே. அந்நாட்களில் வைகறையில் கரைமீது நின்று நோக்குவோர், ஆண் நீலச்சிறகியின் கண்ணுக்குமேல் வெண்புருவம் தெளிவாக எழுந்திருப்பதையும், கூட்டம் இரண்டிரண்டாகப் பிரிந்து மிதப்பதையும் காணலாம். பின்னர் ஒருநாள் இரவில் அவை எழும். காலையில் குட்டை வெறுமையாக இருக்கும். உள்ளூர்ப் பறவைகளாகிய புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைத் தாராவும் மட்டும் கோரை மறைவில் நிற்க, வறண்ட உள்வாயில் எருமைகள் மேய்ந்துகொண்டிருக்கும்.